டிவிடியைச் சுருக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்யாண வீடியோ, அரங்கேற்றம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்று வீட்டு அலமாரியில் இருபது முப்பது டிவிடி கிடக்கும். அப்படியே கணினிக்கு மாற்றினால் நிரம்பிய சாதாரண டிவிடி ஒவ்வொன்றும் 4.37 ஜிபி பிடிக்கும். உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவுதான், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. இரட்டை அடுக்கு டிவிடி என்றால் எட்டு ஜிபிக்குப் பக்கம். முறையாகச் சுருக்கினால் இரண்டு மணி நேர வீடியோ ஒன்று, ஒன்றரை ஜிபியில் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் 'சுருக்கும்போது பிரச்சினை' என்று வருவதில் பெரும்பகுதி சுருக்குவதால் வருவதே இல்லை. டிஸ்கை வாசிப்பதில் வருகிறது. அதனால் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை: டிஸ்கிலிருந்து நேரடியாகச் சுருக்காதீர்கள். முதலில் முழு டிஸ்கையும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக ஹார்ட் டிஸ்கில் இறக்குங்கள்; பிறகு அந்தக் கோப்பிலிருந்து சுருக்குங்கள். வாசிப்புக் கோளாறும் சுருக்கக் கோளாறும் தனித்தனியாகப் பிரிந்துவிடும், எது எங்கே தவறியது என்று தேட வேண்டியிருக்காது.

தேவையானவை எல்லாம் இலவசம். ஐஎஸ்ஓ எடுக்க விண்டோஸில் இம்ஜ்பர்ன். நிறுவும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வேறு மென்பொருள்களுக்கு 'வேண்டாம்' சொல்லிவிடுங்கள். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியே போதும், 'டிவிடி/சிடி மாஸ்டர்' வகையைத் தேர்ந்தெடுங்கள். சுருக்க ஹேண்ட்பிரேக். போட்டுப் பார்க்க விஎல்சி. டிஸ்க் ஒன்றுக்குச் சுமார் 10 ஜிபி காலியிடம் வேலை முடியும்வரை வேண்டும்.

இது வீட்டில் எடுத்த, அல்லது காசு கொடுத்து எடுக்கச் சொன்ன டிவிடிகளுக்கான குறிப்பு. கடையில் வாங்கிய படங்களின் கதை வேறு. அது தன் இடத்தில் வரும்.

## டிஸ்கைப் போட்டும் கணினி காட்டவில்லை

டிரைவ் 'டிக் டிக்' என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது. வெளியில் செருகும் மெல்லிய யுஎஸ்பி டிரைவ் என்றால் முதல் சந்தேகம் மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கணினியில் செருகுங்கள். டிரைவோடு இரண்டு முனை உள்ள கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளை.

வேறு டிஸ்க் ஓடுகிறது, இது மட்டும் ஓடவில்லை. டிஸ்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பல வருடம் உறைக்குள் கிடந்த டிஸ்கில் மெல்லிய நூல் வலைபோலப் பூஞ்சை படர்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துடைக்கும் திசை நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இருக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், ஒரு கீறல் விழுந்தாலும் அது தகவல் தடத்தோடு நீளமாக ஓடி, டிரைவின் பிழைதிருத்தத்துக்கும் எட்டாமல் போய்விடும். டிஷ்யூ பேப்பர், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் கிட்டவே வரக்கூடாது.

டிஸ்க் சுத்தமாக இருக்கிறது, ஆனால் 'காலி டிஸ்க்' என்கிறது. கேம்கோடரில் அல்லது டிவிடி ரெக்கார்டரில் பதிந்த டிஸ்க் என்றால் அது 'ஃபைனலைஸ்' செய்யப்படவில்லை. பதிவு உள்ளே இருக்கிறது, பொருளடக்கம்தான் எழுதப்படவில்லை. பதிந்த அதே கருவி வீட்டில் இருந்தால் அதில் போட்டு, மெனுவில் 'ஃபைனலைஸ்' கொடுங்கள். சில நிமிடங்கள் ஆகும், நடுவில் மின்சாரம் போகக்கூடாது. கருவி போய்விட்டது என்றால் ஐஎஸ்ஓபஸ்டர் என்ற கட்டண மென்பொருள் இப்படிப்பட்ட டிஸ்கை வாசிக்கும். உள்ளே என்ன தெரிகிறது என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குவதா என முடிவெடுங்கள். 'காலி டிஸ்க்' என்று சொன்னதும் அதில் எதையும் எழுதவோ ஃபார்மேட் செய்யவோ விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள்.

கேம்கோடரின் சின்ன டிஸ்க். எட்டு சென்டிமீட்டர் அகலம், 1.4 ஜிபி. தட்டு நீட்டும் டிரைவில் நடுவில் உள்ள சிறிய பள்ளத்தில் வையுங்கள். பிளவுக்குள் உறிஞ்சிக்கொள்ளும் டிரைவில் போடவே போடாதீர்கள், வெளியே வராது.

வழக்கமாக வீடியோ இருக்கும் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குப் பதில் டிவிடி_ஆர்டிஏவி இருக்கிறது. கோளாறு இல்லை. டிவிடி ரெக்கார்டரின் 'விஆர்' முறையில் பதிந்தது. உள்ளே விஆர்ஓ என்று முடியும் ஒரே பெரிய கோப்பு இருக்கும். அதை நகலெடுத்து, ஹேண்ட்பிரேக்கில் கோப்பாகத் திறந்து சுருக்கலாம்.

டிஸ்கில் விரிசல் இருந்தால் எந்த டிரைவிலும் போடாதீர்கள். சுழலும் வேகத்தில் உடைந்து சிதறினால் டிஸ்கும் போகும், டிரைவும் போகும். விரிசல், விளிம்பில் இரண்டு தகடுகளும் பிரிந்து வருவது, பளபளப்புப் பகுதியில் ஒளி ஊடுருவும் ஓட்டைகள் என்று எதைக் கண்டாலும் தரவு மீட்புக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே கேட்க வேண்டியது இரண்டு: பரிசோதனைக் கட்டணம் எத்தனை வெள்ளி, மீட்க முடியாவிட்டாலும் அதைக் கட்ட வேண்டுமா. எழுத்தில் வாங்கிக்கொண்டு டிஸ்கைக் கொடுங்கள்.

## நகலெடுப்பது பாதியில் நின்றுவிடுகிறது

80, 90 சதவீதம்வரை ஓடிவிட்டு நிற்பது அதிகம். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளி நோக்கி வாசிக்கப்படுகிறது. கைரேகை விழுவது விளிம்பில். வேகமாக எழுதிய டிஸ்கில் எழுத்துத் தரம் கெடுவதும் விளிம்பில். கல்யாண டிவிடிகளில் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு: மாப்பிள்ளை பெண் படம் அச்சிட்டு மேலே ஒட்டிய ஸ்டிக்கர். ஈரத்தில் ஒரு பக்கம் உப்பினால் டிஸ்கின் எடை ஒருபக்கமாகச் சாயும், வேகமாகச் சுழலும்போது நடுங்கும், லேசர் தடத்தைத் தவறவிடும். டிரைவ் 'கிர்ர்' என்று மேசையோடு அதிர்ந்தால் இதுதான்.

ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது; இழுக்கும் வேகத்தில் தகடுகளே பிரியலாம். உப்பிய இடத்தை மெத்தென்ற துணியால் அழுத்தி ஒட்டிவிட்டு, வேகத்தைக் குறையுங்கள்.

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள்:

1. மேலே சொன்னபடி கழுவுங்கள். அழுக்கில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கழுவுங்கள்.
2. இம்ஜ்பர்னில் வாசிக்கும் வேகத்தை 'மேக்ஸ்' என்பதிலிருந்து 4 எக்ஸ், அதற்கும் நின்றால் 2 எக்ஸ் ஆக்குங்கள். 1 எக்ஸ் என்பது நொடிக்கு 1.385 எம்பி. 2 எக்ஸில் முழு டிஸ்க் அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.
3. வேறு டிரைவில் போடுங்கள். இதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள், இரண்டாவதாகவே செய்திருக்கலாம். ஒரு டிரைவ் தூக்கிப்போட்ட டிஸ்கை இன்னொன்று சிரமமே இல்லாமல் வாசிப்பது சாதாரணம். பழைய மேசைக் கணினியின் முழு அளவு டிரைவ் கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய யுஎஸ்பி டிரைவைவிட நடுக்கத்தை நன்றாகத் தாங்கும்.
4. அதற்கும் மசியவில்லை என்றால் லினக்ஸ் அல்லது மேக்கில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. முதல் ஓட்டத்தில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டங்களில் குறித்த இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போகும். செக்டர் (டிஸ்கில் தகவல் பதியும் சிறு துண்டு) அளவை 2048 பைட் என்று கொடுக்க வேண்டும். வரைபடக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால், அதே வேலையை இன்னொரு டிரைவில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் விட்ட செக்டரை மற்றது எடுக்கும், இரண்டும் சேர்ந்து முழு டிஸ்க் ஆகும்.

லட்சக்கணக்கான செக்டர்களில் நூறு கிடைக்காமல் போனாலும் கவலை வேண்டாம். நூறு செக்டர் என்பது 200 கேபி, படத்தில் அரை நொடி கட்டம் கட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். தாலி கட்டும் அரை நொடியாக அது இருந்தால் மட்டும் மேற்கொண்டு மெனக்கெடலாம்.

பற்பசை தேய்க்கும் வைத்தியத்தைப் பற்றி: மேலோட்டக் கீறலுக்குச் சில சமயம் பலிக்கும். ஆனால் பலிக்காவிட்டால் முன்பு கிடைத்ததும் கிடைக்காமல் போகும். டிடிரெஸ்க்யூ எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

## 'ரீஜன்' மாற்றச் சொல்லிக் கேட்கிறது, அல்லது படம் பச்சையும் ஊதாவுமாகச் சிதறுகிறது

வீட்டில் எழுதிய டிஸ்கில் இந்த இரண்டும் வராது. வந்தால் அது கடையில் வாங்கிய டிஸ்க். ரீஜன் என்பது டிஸ்க் உலகின் எந்தப் பகுதியில் விற்பனைக்கு என்று காட்டும் எண்: சிங்கப்பூர், மலேசியா ரீஜன் 3, இந்தியா 5. சென்னையில் வாங்கி வந்த டிஸ்கைப் போட்டதும் டிரைவ் தன் ரீஜனை மாற்றட்டுமா என்று கேட்கும். ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதிலேயே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். யோசிக்காமல் 'ஓகே' தட்டாதீர்கள்.

படம் சிதறுவது நகல் பாதுகாப்புப் பூட்டு. ஹேண்ட்பிரேக் அதைத் திறக்காது, திறக்கும்படி செய்யப்படவும் இல்லை. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பூட்டைச் சுற்றிப் போவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. அந்த டிஸ்கை அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டு டிஸ்குகளைப் பாருங்கள்.

## முழு வீடியோவும் வரவில்லை, ஒரு பகுதிதான் வந்தது

முகூர்த்தம் இருக்கிறது, வரவேற்பு இல்லை. மெனு உள்ள டிவிடியில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனித் 'டைட்டில்'. ஹேண்ட்பிரேக் தானாக நீளமானதைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். மேலே உள்ள டைட்டில் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றையும் வரிசையில் சேருங்கள். பத்து நொடிக்குக் குறைவானவற்றை அது பட்டியலிலேயே காட்டாது. சின்னத் துணுக்குகள் வேண்டுமென்றால் விருப்பங்களில் அந்த எண்ணைக் குறையுங்கள்.

சரியாக 1 ஜிபி அளவுக்குத்தான் வந்தது. டிவிடியில் வீடியோவைத் தாங்கிய விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாதபடி வெட்டப்பட்டிருக்கும். அதில் ஒன்றை மட்டும் இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். விஓபிகளைத் தனித்தனியாகச் சுருக்கி ஒட்டுவதும் தொல்லை: நேரக்குறி ஒவ்வொரு பகுதியிலும் புதிதாகத் தொடங்கலாம், நீளம் தவறாகக் காட்டும், முன்னே நகர்த்தினால் எங்கோ போய் நிற்கும், ஒலி விலகும். ஹேண்ட்பிரேக்கில் ஐஎஸ்ஓவையோ, முழு வீடியோ_டிஎஸ் ஃபோல்டரையோ திறவுங்கள். எதற்குப் பின் எது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகளைப் பார்த்து அதுவே சேர்த்துக்கொள்ளும்.

## சுருக்கியும் கோப்பு சிறியதாகவில்லை

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். இடம் மிச்சப்படுத்தத்தான் இத்தனை வேலையும்.

ஜிப் செய்து பார்த்தீர்கள் என்றால் அது உதவாது. டிவிடியில் இருப்பது ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பெக்-2 வீடியோ. ஜிப் ஒரு சதவீதம் குறைத்தால் அதிசயம். வீடியோவையே இன்னும் குறைந்த இடம் பிடிக்கும் எச்.264 முறைக்கு மாற்றி எழுத வேண்டும்.

ஹேண்ட்பிரேக்கில் செய்தும் பெரிதாக வந்தால் 'வீடியோ' பக்கத்தில் படத் தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் எண்ணைப் பாருங்கள். எண் குறையக் குறையக் கோப்பு பெரிதாகும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 12, 14 என்று வைக்கிறார்கள். டிவிடி தரத்துக்கு 18 முதல் 22 வரை போதும். 20 வைத்துத் தொடங்குங்கள். எண்ணை ஆறு கூட்டினால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகும், ஆறு குறைத்தால் இரட்டிப்பாகும் என்பது கைக்கணக்கு. முன்னமைவில் 'ஃபாஸ்ட் 576பி25' எடுங்கள். 1080பி முன்னமைவு டிவிடிக்கு எதையும் கூட்டித் தராது.

எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். வீடியோ நொடிக்கு 1500 கிலோபிட், ஒலி 160 கிலோபிட், மொத்தம் 1660. இரண்டு மணி நேரம் 7200 நொடி. 1660ஐ 7200ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 14,94,000 கிலோபைட், அதாவது சுமார் 1.5 ஜிபி. நிரம்பிய டிஸ்கில் அதே இரண்டு மணி நேரம் நொடிக்கு ஏறக்குறைய 5200 கிலோபிட்டில் ஓடுகிறது. மிச்சமாவது அந்த இடைவெளிதான்.

அப்படியென்றால் ஆறு மணி நேரத்தை ஒரே டிஸ்கில் அடைத்த ரெக்கார்டர் பதிவு? 4.7 ஜிபியை 21,600 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு 1700 கிலோபிட்தான். ஏற்கெனவே பிழிந்தாயிற்று. அதை மறுபடி பிழிந்தால் சாறு வராது, சக்கைதான் வரும். அந்த ஐஎஸ்ஓவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஃப் 20, ஆனாலும் 3 ஜிபி என்றால் மூலத்தைப் பாருங்கள். விஎச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றியதாக இருக்கும். படத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் மின்னிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் முக்கியத் தகவல் என்று நினைத்து மென்பொருள் இடம் ஒதுக்குகிறது. 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் 'டீநாய்ஸ்' பட்டியலில் என்எல்மீன்ஸ் எடுத்து 'லைட்' வையுங்கள். நேரம் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், கோப்பு கணிசமாகக் குறையும். 'ஸ்ட்ராங்' வைத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மையாகும், பட்டுப்புடவையின் சரிகை மறையும்.

கோப்பு சிறியது, ஆனாலும் ஹார்ட் டிஸ்க் நிரம்பித்தான் இருக்கிறது. ஐஎஸ்ஓ இன்னும் அங்கேயே இருக்கிறது. அழித்திருந்தால் ரீசைக்கிள் பின்னில் இருக்கிறது.

முழு டிஸ்கையும் ஓடவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஏமாறாதீர்கள். 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' தேர்ந்தெடுத்து 600 முதல் 720 வரை, இரண்டே நிமிடம் சுருக்கிப் பாருங்கள். அசைவு அதிகமுள்ள இடமாக இருக்கட்டும். அளவை 60ஆல் பெருக்கினால் இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று தெரியும்.

## அசைவில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள்

கை அசையும்போதும் கேமரா திரும்பும்போதும் விளிம்பெல்லாம் கிடைக்கோடுகளாகக் கிழிந்தால் அது இன்டர்லேஸ். பழைய கேம்கோடர்கள் ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதியாக எடுத்தன. குழாய்த் தொலைக்காட்சியில் தெரியாது, கணினித் திரையில் பளிச்சென்று தெரியும்.

'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் 'இன்டர்லேஸ் டிடெக்ஷன்' 'டிஃபால்ட்' ஆகவும், 'டீஇன்டர்லேஸ்' 'டீகோம்ப்' ஆகவும் இருக்கட்டும். பெரும்பாலான டிஸ்குகளுக்கு இவ்வளவே.

பரதநாட்டியம், காவடி, பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம் என்றால் 'டீகோம்ப்' முன்னமைவை 'பாப்' ஆக்கி, 'வீடியோ' பக்கத்தில் பிரேம் எண்ணிக்கையை 50 ஆக்குங்கள். நொடிக்கு 50 அரைப்படங்களும் 50 முழுப்படங்களாக மாறும். வேக அடவில் பாதம் மங்காமல், அசைவு வழுக்கிக்கொண்டு போகும். கோப்பு பெரிதாகும், அரங்கேற்றத்துக்கு அது தகும்.

எண்ணிக்கையை மட்டும் 30 என்று மாற்றிவிடாதீர்கள். சிங்கப்பூரில் பதிந்தவை பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை, நொடிக்கு 25 படம். அதை 30 ஆக்கினால் நொடிக்கு ஐந்து படம் இரண்டு தடவை வந்து, கேமரா திரும்பும்போதெல்லாம் தட்டித்தட்டிப் போகும்.

சுருக்கி முடித்த கோப்பில் சீப்புக்கோடு பதிந்துவிட்டால் அதிலிருந்து சுத்தமாக எடுக்க முடியாது. ஐஎஸ்ஓவுக்குத் திரும்புங்கள். அதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

## ஆட்கள் குண்டாக அல்லது ஒல்லியாகத் தெரிகிறார்கள்

டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளி. அதுவே 4:3 ஆகவும் இருக்கலாம், 16:9 ஆகவும் இருக்கலாம். எது என்று டிஸ்கில் ஒரு குறி இருக்கும். 'டைமென்ஷன்ஸ்' பக்கத்தில் 'அனமார்ஃபிக்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக விடுங்கள். காட்டும் அளவு 4:3க்கு 768க்கு 576, 16:9க்கு 1024க்கு 576 என்ற பக்கத்தில் இருக்க வேண்டும்.

குறியே தவறாக எழுதப்பட்ட டிஸ்க்குகளும் உண்டு; 16:9 கேமராவில் எடுத்து 4:3 என்று எழுதிவிட்டிருப்பார்கள். தட்டில் இருக்கும் லட்டு, சுவர்க் கடிகாரம் போன்ற வட்டமான பொருள் ஒன்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். அது முட்டையாகத் தெரிந்தால் குறி தவறு. 'அனமார்ஃபிக்' 'கஸ்டம்' ஆக்கிக் காட்டும் அகலத்தை 1024 என்று நீங்களே கொடுங்கள்.

படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் அது தானியங்கி 'கிராப்'. வீடியோவின் சில இடங்களை மட்டும் மாதிரி பார்த்துக் கறுப்புப் பட்டையை வெட்டுகிறது. விளக்கணைத்த மண்டபக் காட்சிகள் மாதிரியில் விழுந்தால் தப்புக் கணக்குப் போடும். 'கிராப்' இல்லை என்று வையுங்கள். கேசட்டிலிருந்து வந்த டிவிடியில் அடியில் கலங்கிய வரிகள் துடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் கீழே 8 முதல் 12 வரி கையால் வெட்டலாம்.

## ஒலி விலகுகிறது அல்லது வரவில்லை

முதல் கேள்வி: ஐஎஸ்ஓவை விஎல்சியில் ஓட்டினால் ஒலி சரியாக இருக்கிறதா?

அதிலும் விலகுகிறது என்றால் டிஸ்கிலேயே அப்படி, அல்லது வாசிப்பில் செக்டர்கள் போய்விட்டன. ஓர் இடம்வரை சரியாக இருந்து, பிறகு திடீரென்று விலகினால் அந்த இடத்தில் வாசிப்புப் பிழை. வேறு டிரைவில் மறுபடி ஐஎஸ்ஓ எடுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு விலகல் என்றால் விஎல்சியில் ஜே, கே விசைகளைத் தட்டி எத்தனை மில்லிநொடி என்று அளந்துகொண்டு, வீடியோத் தொகுப்பு மென்பொருளில் ஒலித் தடத்தை அவ்வளவு நகர்த்தலாம்.

ஐஎஸ்ஓவில் சரி, சுருக்கியதில்தான் தவறு என்றால் விஓபிகளை ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரேம் முறையை 'கான்ஸ்டன்ட்' ஆக்கி மறுபடி சுருக்குங்கள். ஒலியே இல்லை என்றால் 'ஆடியோ' பக்கம் காலியாக இருக்கும். தடத்தைச் சேர்த்து ஏஏசி 160 வையுங்கள். நாதஸ்வரக் கச்சேரி போல ஒலிக்காகவே வைத்திருக்கும் டிஸ்குக்கு 256 கொடுக்கலாம், அளவில் பெரிய வித்தியாசம் வராது.

## மணிக்கணக்கில் ஓடுகிறது, லேப்டாப் கொதிக்கிறது

டிஸ்கிலிருந்து நேரடியாகச் சுருக்கினால் டிரைவின் வேகம் தடுக்கும், ஐஎஸ்ஓவிலிருந்து செய்யுங்கள். என்எல்மீன்ஸ் போட்டிருந்தால் நேரம் ஆகத்தான் செய்யும். மெத்தைமேல் லேப்டாப்பை வைக்காதீர்கள், அடிப்பக்கக் காற்றுத்துளை அடைபட்டால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிரூட்டி இல்லாத அறையில் மதியம் ஓடவிடுவதைவிட இரவில் வரிசை போட்டுவிட்டுத் தூங்கலாம்; கணினி உறக்கநிலைக்குப் போகாதபடி அமைத்துவிடுங்கள்.

குவிக் சிங்க், என்வெங்க், வீடியோ டூல்பாக்ஸ் என்று வன்பொருள் வழியில் சுருக்கும் தேர்வுகள் பல மடங்கு வேகம். ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாக வரும். இடத்துக்காகச் செய்யும் வேலைக்கு, மென்பொருள் வழியில் சுருக்கும் எக்ஸ்264தான் பொருத்தம்.

வேலை நடக்கும்போது ஹார்ட் டிஸ்கே 'டொக் டொக்' என்று தட்டினால் எல்லாவற்றையும் நிறுத்தி அணைத்துவிடுங்கள். அது டிவிடிக் கோளாறு இல்லை. மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். நேரே தரவு மீட்புக் கடை.

## கோப்பு தயார், தொலைக்காட்சியில் ஓடவில்லை

பழைய தொலைக்காட்சிக்கு எச்.265 புரியாது, 10 பிட் எச்.264உம் பெரும்பாலும் புரியாது. எம்பி4, சாதாரண எச்.264, ஏஏசி ஒலி. இந்தச் சேர்க்கை பெரும்பாலானவற்றில் ஓடும். ஐஎஸ்ஓவைத் தம்ப் டிரைவுக்கு மாற்றும்போது இடம் இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று சொன்னால் அந்த டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள்.

## எப்போது டிஸ்கைத் தூக்கிப் போடலாம்

புதிய கோப்பின் நீளமும் ஐஎஸ்ஓவில் உள்ள டைட்டிலின் நீளமும் ஓரிரு நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் மூன்றையும் ஒலியோடு பாருங்கள். முன்பு வாசிப்புப் பிழை வந்த இடத்தைத் தனியாகப் பாருங்கள். சுருக்கிய கோப்பு இரண்டு வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே, அக்காள் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. ஐஎஸ்ஓ வெளி ஹார்ட் டிஸ்குக்குப் போகட்டும்.

இவ்வளவும் ஆன பிறகும், மறுபடி கிடைக்காத டிஸ்கை வைத்துக்கொள்வதே நல்லது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, கெட்டியான பெட்டியில் நிமிர்த்தி, கேமராவுக்கு வைத்திருக்கும் உலர்பெட்டியில் ஓரமாக வையுங்கள். பெயர் எழுதுவதாக இருந்தால் நடுத்துளையைச் சுற்றிய கண்ணாடி போன்ற வளையத்தில் மட்டும் எழுதுங்கள்.